அனுப்பப்படாத கடிதம்
ஆபிரகாம் லிங்கனின் வாழ்வில் நான் கண்ட தன்னையறிதல்

தலைமைத்துவக் கருத்தரங்குகளில் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு சொல் மனவெழுச்சி நுண்ணறிவு. தன் மனதில் எழும் கோபம், துயரம், பயம், பொறாமை போன்றவற்றைத் தானே இனங்காணுதல், அவற்றை ஆளுதல், பிறர் மனதில் நடப்பதை விளங்கிக்கொள்ளுதல் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். விளக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்வது இலகு. ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதற்காக நான் தெரிவுசெய்தவர், ஐக்கிய அமெரிக்காவின் 16ஆவது ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெண் பிள்ளைகள் உணர்ச்சிவசப்படுபவர்கள், சட்டென்று அழுதுவிடுவார்கள், பெரிய பொறுப்புகள் அவர்களுக்குச் சரிவராது என்ற பேச்சை நாங்கள் எல்லோரும் எங்கேயாவது கேட்டிருக்கிறோம். பதினேழு வயதில் அந்தப் பேச்சைக் கேட்கும் ஒருத்திக்கு இரண்டு வழிகளே தெரிகின்றன. ஒன்றில் எதுவும் பாதிக்காதவள்போல நடிக்க வேண்டும், அல்லது பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழி ஏதும் இருக்கிறதா என்று தேடிய எனக்கு லிங்கனின் வாழ்க்கை பதிலாக அமைந்தது. உலகம் போற்றும் தலைவர்களுள் அவரளவுக்குத் துயரத்தைச் சுமந்தவர்களும், அதை மறைக்காமல் வாழ்ந்தவர்களும் மிகக் குறைவு.

லிங்கனை நம்மவர் பலர் அறிந்திருப்பது ஒரு கடிதத்தின் மூலம். தன் மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் அது. பரிசளிப்பு விழாக்களிலும் சஞ்சிகைகளிலும் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. நல்ல கருத்துகள் கொண்டதுதான். ஆனால் லிங்கன் அதை எழுதியதற்கு எந்தச் சான்றும் இல்லை. அவருடைய எழுத்துகளை முழுமையாகத் தொகுத்த நூல்களிலும் அது இடம்பெறவில்லை. எழுதாத கடிதத்தால் புகழ்பெற்ற அவர், உண்மையாகவே எழுதி, உறையிலிட்டு, அனுப்பாமல் வைத்துவிட்ட கடிதம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதே இந்தக் கட்டுரை.

காட்டு வீட்டுச் சிறுவன்

1809 பெப்ரவரி 12ஆம் திகதி, கென்டக்கி மாநிலத்தில் மரக்குற்றிகளால் கட்டப்பட்ட ஓர் அறை வீட்டில் லிங்கன் பிறந்தார். தந்தை தோமஸ் விவசாயி, தச்சு வேலையும் தெரிந்தவர். தாய் நான்சி. லிங்கனுக்கு ஏழு வயதானபோது குடும்பம் இந்தியானாவின் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே 1818ஆம் ஆண்டு தாய் இறந்தார். ஒரு வகைக் காட்டுச் செடியைத் தின்ற பசுவின் பாலைக் குடிப்பதால் வரும் நோய் அது. அக்காலத்தில் அந்தக் காரணம் மக்களுக்கு விளங்கியிருக்கவில்லை. லிங்கனுக்கு அப்போது ஒன்பது வயது. பத்து ஆண்டுகள் கழித்து, அவருடைய ஒரே அக்கா சாராவும் பிரசவத்தின்போது இறந்துபோனார்.

தாய் இறந்த மறு ஆண்டு தந்தை மறுமணம் செய்தார். வந்த சிற்றன்னையின் பெயரும் சாரா. தன் மூன்று பிள்ளைகளோடு வந்த அவர், இந்தத் தாயற்ற பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகவே பார்த்தார். லிங்கனின் வாசிப்பு ஆசைக்கு வீட்டில் இடம் கொடுத்தவரும் அவரே. லிங்கன் பள்ளிக்கூடத்தில் கழித்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு வராது. மிச்சமெல்லாம் இரவல் வாங்கிய புத்தகங்களிலிருந்து வந்த படிப்பு. 1861இல் ஜனாதிபதியாகப் பதவியேற்கப் புறப்படுமுன் லிங்கன் தேடிச்சென்று விடைபெற்றது இந்தச் சிற்றன்னையிடம்தான்.

நாக்கு ஓர் ஆயுதம்

பொறுமையானவர் என்று நாம் அறியும் லிங்கன் பிறவியிலேயே பொறுமைசாலி அல்லர். இளமையில் அவருடைய நாக்கு மிகக் கூர்மையானது. பிறரைப்போலப் பேசிக்காட்டுவதில் வல்லவர். கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் அந்தத் திறமையை எதிரிகள்மீது பாவிக்கத் தயங்கவில்லை. 1840ஆம் ஆண்டு தேர்தல் கூட்டமொன்றில் ஜெஸ்ஸி தோமஸ் என்ற அரசியல் எதிராளியின் குரலையும் நடையையும் அவர் நடித்துக்காட்ட, கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அவமானப்பட்ட அந்த மனிதர் கண்ணீரோடு வெளியேறினார் என்றும், லிங்கன் பின்னர் அவரைத் தேடிச்சென்று மன்னிப்புக் கேட்டார் என்றும் அவருடைய சட்டத்துறைப் பங்காளியான ஹேர்ன்டன் எழுதியிருக்கிறார்.

இரண்டு ஆண்டுகளின் பின் நடந்தது இன்னும் பாரதூரமானது. 1842இல் இலினோய் மாநிலக் கணக்காய்வாளராக இருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்பவரைக் கேலிசெய்து, ஒரு கிராமத்துப் பெண் எழுதியதுபோல, வேறு பெயரில் லிங்கன் பத்திரிகைக்கு எழுதினார். யார் எழுதியது என்பது வெளியே தெரிந்தது. ஷீல்ட்ஸ் அவரை ஆயுதச் சண்டைக்கு அழைத்தார். இலினோயில் அத்தகைய சண்டை சட்டப்படி குற்றமாகையால், இருவரும் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து மிசூரி எல்லைக்குள் போனார்கள். ஆயுதத்தைத் தெரியும் உரிமை லிங்கனுக்கு. குதிரைப் படையினரின் நீண்ட வாள்களைத் தெரிந்தார். இரண்டு நல்ல வாலிபர்கள், ஒரு கேலிக் கடிதத்துக்காக, ஒருவரை ஒருவர் வெட்டும் நிலைக்கு வந்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் நண்பர்கள் சமரசம் செய்துவைத்ததால் இரத்தம் சிந்தவில்லை.

பிற்காலத்தில் யாராவது அதை ஞாபகப்படுத்தினால் லிங்கன் அந்தப் பேச்சை விரும்பமாட்டார். சொற்களை அவர் கையாண்ட விதத்தை மாற்றிய சம்பவம் இதுவென்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அவருடைய நகைச்சுவை கடைசிவரை குறையவில்லை. ஆனால் அது பெரும்பாலும் தன்னையே, குறிப்பாகத் தன் தோற்றத்தையே, கேலிசெய்யும் நகைச்சுவையாக மாறிப்போனது. நாம் பலமென்று நினைக்கும் திறமைக்குள்ளேயே நம்முடைய பலவீனமும் இருக்கலாம் என்பதை இந்த இடத்தில் நான் படித்துக்கொண்டேன். நன்றாகப் பேசத் தெரிந்தவள் புண்படுத்தவும் நன்றாகத் தெரிந்தவள்.

துயரத்தோடு வாழ்தல்

லிங்கனின் முகத்தில் எப்போதும் ஒரு சோகம் படிந்திருந்ததாக அவரை அறிந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 1841 ஜனவரியில், மேரி டொட் என்ற பெண்ணோடு இருந்த திருமண ஏற்பாடு குழம்பிய நாட்களில், அந்தச் சோகம் எல்லை மீறியது. தனக்கே தீங்கு செய்துகொள்வாரோ என்று நண்பர்கள் அஞ்சி, சவரக் கத்திகளை அவர் கைக்கு எட்டாமல் எடுத்துவைத்தார்கள். அப்போது பங்காளியாயிருந்த சட்டத்தரணிக்கு எழுதிய கடிதத்தில், தன்னைவிடத் துயரப்படும் மனிதர் உலகில் இல்லை என்ற கருத்தை லிங்கன் ஒளிக்காமல் எழுதினார்.

இந்த ஒளிக்காமை எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொல்லவும் வாய் வந்தது. அந்தக் கோடையில் நெருங்கிய நண்பர் ஜொஷுவா ஸ்பீடின் கென்டக்கி வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கினார். அங்கே மனம் ஓரளவு ஆறியது. மேரி டொட்டையே 1842 நவம்பரில் மணந்துகொண்டார்.

துயரம் அதோடு நிற்கவில்லை. நான்கு ஆண் பிள்ளைகளில் எடி மூன்று வயதில் 1850இல் இறந்தான். ஜனாதிபதியாகி, உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1862 பெப்ரவரியில், பதினொரு வயது வில்லி வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் இறந்தான். லிங்கன் அழுதார். அழுத கண்ணோடு மறுபடியும் யுத்தக் காகிதங்களைக் கையில் எடுத்தார்.

அதே ஆண்டு டிசம்பரில், அவருக்குப் பழக்கமான ஓர் அதிகாரி போர்க்களத்தில் கொல்லப்பட்டார். அவருடைய மகள் பேனி உண்ணாமல் உறங்காமல் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்ட லிங்கன், தன் கையால் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீரமரணம், தேசம் என்ற பெரிய வார்த்தைகளை அதில் அவர் அடுக்கவில்லை. இளையோருக்குத் துயரம் எதிர்பாராமல் வருவதால் மிகக் கசப்பாக இருக்கும் என்றார். இப்போது ஆறுதல் கிடைக்காது, காலம்தான் அதைத் தரும் என்றார். மீண்டும் சந்தோஷம் வரும் என்பதை இப்போது உன்னால் நம்ப முடியாது, ஆனாலும் அது உண்மை, இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன் என்ற பொருள்பட எழுதினார். ஒரு நாட்டின் ஜனாதிபதி, யுத்தத்தின் நடுவில், ஓர் இளம் பெண்ணின் அழுகையை அற்பமாக நினைக்கவில்லை. தன் துயரத்தை அறிந்திருந்தபடியால் அவளுடைய துயரத்தையும் அவரால் அறிய முடிந்தது.

அவமதித்தவரும் அமைச்சரானார்

1855ஆம் ஆண்டு அறுவடை இயந்திரக் காப்புரிமை தொடர்பான பெரிய வழக்கொன்றில் லிங்கனும் ஒரு சட்டத்தரணியாக அமர்த்தப்பட்டார். இரவு பகலாக ஆயத்தம் செய்துகொண்டு சின்சினாட்டி நகருக்குப் போனார். அங்கே அதே தரப்பில் இருந்த பிரபல சட்டத்தரணி எட்வின் ஸ்டான்டன், இந்தப் பட்டிக்காட்டு மனிதரோடு சேர்ந்து வாதாட முடியாது என்று ஒதுக்கிவிட்டார். லிங்கன் எழுதிவந்த குறிப்புகளை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கோபத்தில் அன்றே வீடு திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. வழக்கு முடியும்வரை நீதிமன்றத்தில் உட்கார்ந்து, ஸ்டான்டன் போன்றவர்களின் வாதத்தைக் கவனமாகக் கேட்டார். தான் இன்னும் படிக்கவேண்டியது இருக்கிறது என்ற எண்ணத்தோடு ஊர் வந்தார். அவமானம் உண்மையானது, அந்த மனிதரின் திறமையும் உண்மையானது. இந்த இரண்டையும் அவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை. 1862 ஜனவரியில், யுத்தத்தை நடத்த ஒரு திறமையான செயலாளர் தேவைப்பட்டபோது, லிங்கன் நியமித்தது அதே ஸ்டான்டனை.

இது தனிச் சம்பவமும் அல்ல. 1860இல் ஜனாதிபதி வேட்பாளராவதற்குத் தன்னோடு போட்டியிட்ட சீவர்ட், சேஸ், பேட்ஸ் மூவரையும் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். வெளிவிவகாரச் செயலாளரான சீவர்ட், பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகுமுன், அரசுக்கு ஒரு தெளிவான கொள்கை இல்லை, பொறுப்பைத் தானே ஏற்கத் தயார் என்ற தொனியில் ஒரு குறிப்பை அனுப்பினார். எந்த ஜனாதிபதிக்கும் கோபம் வரும். லிங்கன் பதிலை எழுதினார். ஆனால் அதை அனுப்பாமல், நேரில் பேசித் தீர்த்துக்கொண்டார் என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். செய்ய வேண்டியது எதுவோ அதை நானே செய்ய வேண்டும் என்பதே அந்தப் பதிலின் சாரம். சீவர்ட் பகைவராகவில்லை. சில மாதங்களில் மிக நெருங்கிய நண்பரானார்.

பிறர் சொல்வதைக் கேட்பதற்கு அவர் ஆளைப் பார்க்கவில்லை. தேர்தலுக்கு முன், கிரேஸ் பெடெல் என்ற பதினொரு வயதுச் சிறுமி, தாடி வளர்த்தால் உங்கள் ஒல்லி முகம் அழகாக இருக்கும் என்று யோசனை சொல்லி எழுதினாள். லிங்கன் அவளுக்குப் பதில் எழுதினார், தாடியும் வளர்த்தார். பதவியேற்கப் போகும் வழியில் அவளுடைய ஊரில் ரயில் நின்றபோது அவளை அழைத்துப் பார்த்தார். நாணயங்களிலும் படங்களிலும் நாம் காணும் அந்தத் தாடி ஒரு சிறுமியின் யோசனை.

கை நடுங்கிய நாள்

தென் மாநிலங்கள் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோனதால் 1861 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டு யுத்தம் நான்கு ஆண்டுகள் நீடித்தது. 6 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதில் இறந்தார்கள். அப்போது அந்நாட்டில் சுமார் 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள்.

1862 ஜூலையில், கிளர்ச்சி மாநிலங்களிலுள்ள அடிமைகளை விடுதலை செய்யும் பிரகடனத்தின் வரைவை லிங்கன் அமைச்சரவைக்கு வாசித்துக்காட்டினார். தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் அது கையறுநிலையில் எழுந்த கூச்சலாகத் தோன்றும், ஒரு வெற்றிவரை பொறுத்திருங்கள் என்று யோசனை சொன்னவர் அதே சீவர்ட். லிங்கன் அதை ஏற்று, வரைவை ஒருபுறம் வைத்தார். செப்டம்பரில் அன்டீட்டம் போரின் பின்னரே முதலறிவித்தல் வெளிவந்தது.

1863 ஜனவரி 1ஆம் திகதி கையெழுத்திட வேண்டிய நாள். புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்காக மக்களோடு கைகுலுக்கியதால் அவருடைய வலது கை மரத்து நடுங்கியது. பேனையை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். நடுங்கிய எழுத்தைப் பார்ப்பவர்கள், அவர் தயங்கினார் என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. சற்றுப் பொறுத்து, கையைத் திடப்படுத்திக்கொண்டு, மெதுவாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

இரண்டு நாட்கள், இரண்டு கடிதங்கள்

இனி அந்தக் கடிதம். 1863 ஜூலை மாதத் தொடக்கத்தில் வடக்குப் படைக்கு இரண்டு பெரிய வெற்றிகள் கிடைத்தன. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பேர்க்கில் ஜூலை 1 முதல் 3 வரை நடந்த போரில் தளபதி மீட், தெற்கின் தளபதி லீயின் படையைத் தோற்கடித்தார். அந்த மூன்று நாட்களில் இரு தரப்பிலும் சுமார் 50,000 பேர் இறந்தோ, காயப்பட்டோ, சிறைப்பட்டோ, காணாமலோ போனார்கள். ஜூலை 4ஆம் திகதி மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த விக்ஸ்பேர்க் கோட்டை தளபதி கிரான்டிடம் சரணடைந்தது.

கிரான்டின் வெற்றி லிங்கனுக்குச் சந்தோஷத்தோடு வேறொன்றையும் தந்தது. கிரான்ட் போன பாதை பிழையென்று அவர் மனதுக்குள் அஞ்சியிருந்தார். வேறொரு திசையில் போயிருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முடிவு கிரான்டே சரியென்று காட்டியது. தன் அச்சத்தை லிங்கன் வெளியே காட்டிக்கொள்ளாமலேயே இருந்திருக்கலாம். ஆனால் ஜூலை 13ஆம் திகதி, தான் நேரில் சந்தித்தே இராத அந்தத் தளபதிக்கு அவர் எழுதினார். நீங்கள் சரி, நான் பிழை என்பதைத் தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன் என்பதே அதன் சாரம். அந்தக் கடிதத்தை அனுப்பினார்.

மறுநாள் வந்த செய்தி வேறு. கெட்டிஸ்பேர்க்கில் தோற்றுப் பின்வாங்கிய லீயின் படை, மழையால் பெருக்கெடுத்த பொட்டோமக் ஆற்றைக் கடக்க முடியாமல் பல நாட்கள் சிக்கியிருந்தது. மீட் தாக்கினால் யுத்தமே முடிந்துவிடும் என்று லிங்கன் நம்பிக் காத்திருந்தார். மீட் தாக்கவில்லை. ஆறு வடிந்ததும் லீ தப்பிப் போய்விட்டார். அன்று தந்தையின் கண்களில் நீரைக் கண்டதாக மூத்த மகன் ரொபர்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஜனாதிபதியின் அதிருப்தியை உயர் தளபதி தந்தியில் தெரிவிக்க, மனம் நொந்த மீட் பதவி விலகுவதாகப் பதில் அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. ஜூலை 14ஆம் திகதி லிங்கன் மேசையில் அமர்ந்து மீட்டுக்கு எழுதத் தொடங்கினார். முதலில் வெற்றிக்கு நன்றி சொன்னார். பிறகு எழுத்து சூடேறியது. லீ தப்பியதால் நேர்ந்த இழப்பின் அளவை நீங்கள் உணரவில்லை என்றார். அவர் உங்கள் கைக்குள் இருந்தார், இனி யுத்தம் முடிவில்லாமல் நீளும் என்றார். தான் அளவில்லாத வேதனையில் இருப்பதாகவும் எழுதினார்.

எழுதி முடித்து, உறைக்குள் இட்டார். உறையின்மேல், மீட்டுக்கு எழுதியது, கையெழுத்திடப்படவுமில்லை, அனுப்பப்படவுமில்லை என்று குறித்து வைத்துவிட்டார். மீட் அதைப் பார்க்கவேயில்லை. லிங்கனின் காகிதங்களோடு காகிதமாகக் கிடந்த அது, இப்போது வொஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தன் பிழையைச் சொன்ன கடிதம் உடனே போனது. பிறர் பிழையைச் சொன்ன கடிதம் உள்ளே நின்றது. நம்மில் பலருக்கு இது மறுபக்கமாகவே நடக்கிறது. மற்றவரின் பிழையைச் சொல்ல ஒரு நிமிடம் பொறுக்க முடிவதில்லை, நம் பிழையைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

லிங்கன் ஏன் அனுப்பவில்லை? மீட் அந்தப் படைக்குப் பொறுப்பேற்று மூன்று நாட்களில் கெட்டிஸ்பேர்க் போர் தொடங்கியது. அவருடைய படையினர் ஆயிரக்கணக்கில் வீழ்ந்திருந்தார்கள். அவர் ஏற்கனவே மனம் உடைந்திருந்தார். கடிதம் போயிருந்தால் லீ திரும்பி வரப்போவதில்லை, ஒரு தளபதியை இழப்பதுதான் மிஞ்சியிருக்கும். இவையெல்லாம் எழுதி முடித்த பின்பே லிங்கனுக்குத் தெளிவாகியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். எழுதியதும் வீண்போகவில்லை. கோபம் காகிதத்தில் இறங்கியது, மனதில் இடம் வந்தது. ஒரே வாரத்தில், ஜூலை 21ஆம் திகதி, இன்னொரு தளபதிக்கு எழுதிய கடிதத்தில், செய்யப்பட்டதற்காக நன்றியுடன் இருக்கிறேன், செய்யப்படாததற்காகக் குறைசொல்லவில்லை, மீட் என் நம்பிக்கைக்குரியவர் என்ற கருத்தில் லிங்கன் எழுதினார். மீட் யுத்தம் முடியும்வரை அந்தப் படையின் தளபதியாகவே இருந்தார்.

அவரிடமும் குறைகள் இருந்தன

லிங்கனை ஒரு குறையுமில்லாதவராகக் காட்டுவது என் நோக்கமல்ல. அடிமை முறையை எப்போதும் வெறுத்தவர் என்றாலும், 1858ஆம் ஆண்டு விவாதங்களில், கறுப்பின மக்களுக்கு வெள்ளையரோடு சமமான சமூக, அரசியல் உரிமைகள் வழங்குவதை ஆதரிக்கவில்லை என்று அவர் பேசினார். 1862இல் தன்னைச் சந்திக்க வந்த கறுப்பினத் தலைவர்களிடம், உங்கள் மக்கள் வேறு நாட்டில் குடியேறுவதே நல்லது என்றார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்து பெரும் பேச்சாளரான பிரெட்ரிக் டக்ளஸ் அவரை மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

தன்னைக் கண்டித்த அதே டக்ளஸை லிங்கன் 1863இலும் 1864இலும் வெள்ளை மாளிகையில் சந்தித்துப் பேசினார், அவருடைய ஆலோசனையைக் கேட்டார். 1865 மார்ச்சில் இரண்டாம் முறை பதவியேற்ற மாலை, வரவேற்புக்கு வந்த டக்ளஸைக் காவலர்கள் வாசலில் மறித்தார்கள். உள்ளே வந்ததும் லிங்கன் எல்லோர் முன்னிலையிலும் அவரை நண்பர் என்று வரவேற்று, தன் உரை எப்படி இருந்தது என்று கேட்டார். அடுத்த மாதம் 11ஆம் திகதி ஆற்றிய கடைசி உரையில், கறுப்பின மக்களில் ஒரு பகுதியினருக்காவது வாக்குரிமை வேண்டும் என்று சொன்னார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டு ஆத்திரமடைந்தவர்களுள் நடிகன் ஜோன் வில்க்ஸ் பூத்தும் ஒருவன்.

ஏப்ரல் 9இல் லீ சரணடைந்தார். ஏப்ரல் 14 இரவு நாடக அரங்கில் பூத் லிங்கனைச் சுட்டான். மறுநாள் காலை அவர் இறந்தார். வயது 56. அந்த இரவு முழுவதும் அருகிலிருந்து, நாட்டின் காரியங்களைக் கவனித்து, கடைசியில் கண்ணீர்விட்டு நின்றவர், ஒருகாலத்தில் அவரைப் பட்டிக்காட்டான் என்று ஒதுக்கிய ஸ்டான்டன்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

தோழிகளே, லிங்கனிடம் கோபம் இருந்தது. துயரம் இருந்தது. கூரிய நாக்கும் இருந்தது. இவற்றில் எதுவும் இல்லாதவராக அவர் ஒருநாளும் ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லத் தெரிந்தவராக ஆனார். அது எப்போது வருகிறது, வந்தால் தன்னை எங்கே கொண்டுபோகும் என்று அறிந்து, அதற்கும் செயலுக்கும் நடுவில் ஓர் இடைவெளியை வைத்துக்கொண்டார். சில நேரம் அந்த இடைவெளி கீழே வைத்த பேனை. சில நேரம் அனுப்பாத கடிதம். பெண் பிள்ளைகள் உணர்ச்சிவசப்படுபவர்கள் என்ற பேச்சுக்கு நான் தேடிய பதிலும் இதுதான். உணர்ச்சி இருப்பது தலைமைக்குத் தடையில்லை. தன்னுள் என்ன நடக்கிறது என்று தெரியாமலிருப்பதே தடை, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

மாணவத் தலைவியாகவோ, வகுப்புத் தலைவியாகவோ, வீட்டில் மூத்த ராத்தாவாகவோ நமக்குள்ள பொறுப்பு சிறியதாக இருக்கலாம். ஆனால் நம் கையிலிருக்கும் தொலைபேசி லிங்கன் காலத்துத் தபாலைவிட வேகமானது. கோபத்தில் எழுதியது உறைக்குள் போகுமுன் குழுவிலுள்ள எல்லோரையும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு பழைய கொப்பியை இதற்கென்று ஒதுக்கலாம். சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் எழுதலாம். காலையில் எடுத்து வாசித்து, அனுப்ப வேண்டியதை அனுப்பலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் மட்டும் காலைவரை காத்திருக்கத் தேவையில்லை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். மகள் அழும்போது, இதற்கெல்லாம் அழுவதா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இது கோபமா, பயமா, தோற்றுப்போன கவலையா என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லத் தேடும் அந்தச் சில நிமிடங்களில் தன்னைக் கொஞ்சம் படித்துக்கொள்வாள். நாளை ஒரு பொறுப்பில் அவள் நிற்கும்போது, அந்தப் படிப்பு அவளுக்குத் தேவைப்படும்.